ஏழுகண்ணாத்தாள்

தகவல் பலகைக்கு நூறு சொல் என்றார்கள்.
சொல்லுக்கு இவ்வளவு என்று பேசவில்லை;
போக வரப் பஸ் காசு, ஒரு நாள் படி.

தாண்டிக்குடிச் சாலையில்
காப்பித் தோட்டத்து வேலி முடியும் வளைவில் கோயில்.
கோயில் என்றால்,
மழை நேரம் மூன்று பேர் ஒதுங்கினால்
நாலாமவர் நனைய வேண்டும்.

கூரையைப் பிளந்த இச்சி வேரை நூல் நூலாக உருவி,
சுண்ணாம்பில் கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்து
ஒன்றரை வருஷம் உழைத்திருக்கிறார்கள்.
உள்ளே நின்ற கல்லின் எண்ணெய்ப் பிசுக்கைப்
பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தபோது
எழுத்து வந்தது:

‘…புரத்துக்குக் காதம் ஏழு.’

கீழே ஏழு குழி.
எழுத்தறியாத பொதிமாட்டுக்காரன்
இருட்டில் விரல் வைத்து எண்ணிக்கொள்ள.

எந்தப் புரம்?
கல் பொரிந்திருப்பது அந்த இடத்தில்தான்.
மதுரையிலிருந்து வந்த பேராசிரியர் ஒரு பெயர் சொன்னார்.
கோவையிலிருந்து வந்தவர் சிரித்தார்.
இந்த மலையின் மிளகெல்லாம் போய் இறங்கிய நகரம்
வெறும் பின்னொட்டாக மிஞ்சியிருக்கிறது.

பொறியாளர் இருதயராஜ் நல்ல மனிதர்.
“சாமி இல்ல, தூரம் காட்டுற கல்லுன்னு எழுதுங்க சார்.
கொஞ்சம் நாசூக்கா.”

நாசூக்காக எழுதிக்கொண்டிருக்கையில்
வெள்ளைத்தாயி வந்தாள்,
இடுப்பில் மிளகுக்கொடி கட்டும் நாரோடு.
செவ்வாய் தவறாமல் அந்த ஏழு குழிக்கும்
சந்தனம் அப்பி மை வைத்தவள்
கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று பார்த்தாள்.
அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை.
“நல்லா குளிப்பாட்டி விட்டிருக்கீங்க.
கண்ணுல மையில்லாம யாரோ மாதிரி இருக்கா.”
இப்போது விளக்கு எங்கே வைக்கிறாய் என்றேன்.
மோவாயால் ரோட்டைக் காட்டினாள்.

தொண்ணூற்றாறு சொல்லில் முடிந்துவிட்டது.
மிச்சம் நாலு:
‘ஏழுகண்ணாத்தாள் என்றும் இவளை அழைப்பர்.’
அச்சுக்குப் போகையில் ‘இதனை’ என்று
திருத்தினாலும் திருத்துவார்கள்.

பஸ்ஸுக்கு நின்ற இடத்தில்
நெடுஞ்சாலைத் துறை நட்ட கல்.
பச்சைத் தலையில் குங்குமம், சுற்றிச் செவ்வந்திச் சரம்,
அகலுக்குக் காற்றுத் தடுப்பாக
மூடியில்லாத பிஸ்கட் டப்பா.
வத்தலக்குண்டு என்பது மட்டும் தெரிகிறது.
எண் இருந்த இடம் முழுக்கச் சந்தனம்,
அதில் ஈரம் காயாத விரல் குழிகள்.

ஏழுதானா என்று எண்ணி முடிப்பதற்குள்
பஸ் வந்துவிட்டது.
ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக்
கண்ணில் ஒற்றிக்கொண்டு
கியரை மாற்றினார்.