நட்சத்திரக் குறி

யானைக்கல்லில் கடை. ராத்திரி ஒன்றேகால்.
செல்லூர்ப் பையன்கள் இரண்டு பேர்
பைக்கை அணைக்காமலே கேட்டார்கள்:
"அக்கா, பத்துக்கு எட்டு. விடியுமுன்ன வேணும்."
மாமா இறந்துவிட்டார்.
போட்டோ?
"ரேசன் கார்டுல இருக்கு. அது அவர் மாதிரியே இல்ல.
போன வருசம் காதுகுத்துக்கு இங்கதான் ஃபிளெக்ஸ் அடிச்சோம்,
அதுல நல்லா இருப்பாரு."

டி டிரைவைத் திறந்தேன்.
நாலு வருட மதுரை அதற்குள் கிடக்கிறது:
பூப்புனித நீராட்டு, கிடாவெட்டு, கடைத் திறப்பு,
வருக வருக, கண்ணீர் அஞ்சலி.
ஒவ்வொன்றுக்கும் குட்டிப் படம் வரையப் பார்த்து
மேலே பச்சைக் கோடு ஊர்ந்தது, ஊர்ந்தது,
அழகர் இறங்கும் அன்று கோரிப்பாளையத்தில் மாட்டிய டவுன் பஸ்ஸாக
நின்றேவிட்டது.

கறுப்பு ஜன்னலைத் திறந்தேன்.
அதற்குப் படம் காட்டத் தெரியாது.
டி ஐ ஆர் என்று மூன்றெழுத்து அடித்தால்
தேதி, எடை, பெயர்.
பெரியாஸ்பத்திரி நோட்டில் எழுதுவார்களே, அவ்வளவுதான்.
மிஷினைத் துடைத்துக்கொண்டே சிக்கந்தர் பாய் கேட்டார்,
"என்னம்மா, கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சா?"
இல்லை பாய். இப்போதுதான் பேசுகிறது.

தமிழில் வைத்த பெயரெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது.
எனக்கு முன்னால் இருந்த சேர்மக்கனி
இங்கிலீஷ் எழுத்தில்தான் வைப்பான், ஆனால் எப்படி:
புதுசு. புதுசு ஓகே. புதுசு ஓகே பைனல்.
பைனல் கடைசி. கடைசி, பார்ட்டி திருத்தம்.

பாப்பா பேரென்ன?
"யாழ்மதி."
நட்சத்திரக் குறி, யாழ், மறுபடி நட்சத்திரக் குறி.
முன்னால் எதுவும் இருக்கட்டும், பின்னால் எதுவும் இருக்கட்டும்,
நடுவில் யாழ் வந்தால் போதும்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு மூன்று வரி.
யாழினி கல்யாணம். யாழ் மொபைல்ஸ்.
மூன்றாவது, போன ஆவணி, காதணி.

அதை மட்டும் திறந்தேன். முப்பத்தேழு மாமன்கள்.
கடைசி வரிசையில் கூலிங் கிளாஸோடு,
பல் தெரியச் சிரித்துக்கொண்டு.
"இவருதான்" என்று திரையைத் தொட்டான் சின்னவன்.
விரல் ரேகை பதிந்துவிட்டது.
கண்ணாடியை எடுத்துடவா?
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.
"கண்ணு எப்படி இருக்கும்னு ஒங்களுக்குத் தெரியாதுல்லக்கா."
சிரிப்பை என்ன செய்ய என்று நான் கேட்கவில்லை.

பெயர் மாற்றும் கட்டளைதான் சுருக்கம்.
காதணியை அஞ்சலியாக்க ஒரு வரி போதும்.
பாதி அடித்து, அழித்து, காப்பி என்று போட்டேன்.
அந்தக் கடைசி வரிசையில் அவர் நின்றுகொண்டிருக்கட்டும்.

இடமில்லை என்றது டிரைவ்.
மீதி எவ்வளவு என்று பட்டியலின் அடியில்
தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.
எடைப்படி அடுக்கச் சொன்னேன், கனத்தது முதலில்.
நாற்பதடி வளைவு, ஒத்தக்கடை மாநாடு.
நடக்காத மாநாடு. பாதிப் பணம் பாக்கி.
டெல் என்று அடித்தால் குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாது,
நிஜமாவா என்று கேட்காது.
அவசரத்தில் ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டு
அட்சய திருதியை ஆர்டர் மொத்தத்தையும் தின்னக் கொடுத்தவள் நான்.
அதனால் முழுப் பெயரையும் எழுத்தெழுத்தாக அடித்து
பாய் காதில் விழ ஒருமுறை படித்துவிட்டு
என்டர்.
வளைவு சாய்ந்தது. ஒரு சத்தமில்லை.
கட்சிக்காரர் வந்து கேட்டால்
கோப்பு இல்லை என்று கறுப்பு ஜன்னலே சொல்லிக்கொள்ளும்.

மாமா பேரு?
"சோலைமலை."
அதை மட்டும் வைத்தேன். பைனல் என்று சேர்க்கவில்லை.
ஒரு கோப்பு காப்பி ஆனது.
பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்து,
ஒரே எடை, ஒரே தேதி, போன ஆவணி.
முதல் திருத்தத்தைச் சேமித்த பிறகுதான்
ஒன்றுக்கு மட்டும் இன்றைய தேதி விழுந்தது.

நாலரைக்கு, மை முழுசாகக் காயாமல்,
பாய் சுருட்டிக் கொடுத்தார்.
குறுக்கே பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினான் சின்னவன்.
பாலம் ஏறும்போது பெரியவன் சொன்னது கேட்டது:
"அமுக்காதடா, மூஞ்சி மடங்கிரும்."