சர்வே எண் இல்லாத விண்ணப்பம்

கேத்தி பேரூராட்சியில்
விளம்பரப் பலகைக்கு அனுமதி எழுதும் மேசை என்னுடையது.
நீளம், அகலம், சாலையிலிருந்து தூரம்,
காற்றடித்தால் யார் தலையில் விழும்,
இவ்வளவுதான் என் சாஸ்திரம்.

தை மாதம் ஒரு விண்ணப்பம் வந்தது.
'வெண்பல்' பற்பொடிக்காரர்கள்.
எல்லா ஊருக்கும் அனுப்பினார்களாம், யாரோ வக்கீல் சொன்ன யோசனை.
தரையிலிருந்து உயரம்: ஐந்நூற்று இருபது கிலோமீட்டர்.
தாங்கும் கம்பம்: இல்லை.
சர்வே எண் கேட்ட கட்டத்தில்
ஒரு சிறு கோடு.

கூடவே ஒரு பொறியாளர், தாவீது மாசிலாமணி.
மப்ளரை அவிழ்க்காமலே விளக்கினார்.
ஒவ்வொரு கண்ணாடியும் ஒரு புள்ளி.
நாம் இருட்டில் நிற்க வேண்டும், அவை வெயிலில்.
அந்தியும் விடியலும்தான் வியாபாரம்;
நடுராத்திரியில் பூமியின் நிழல்
எல்லாவற்றையும் அணைத்துவிடும்.
நாலு நிமிடம். பிறகு வங்காள விரிகுடா.

"முடியாதது ஒன்றுமில்லை, பணம்தான் ஆகும்.
மெய்யெழுத்துதான் சார் தொல்லை.
தலையில் வைக்கிற ஒவ்வொரு புள்ளிக்கும்
தனியாக ஒரு செயற்கைக்கோள்."

மூடுபனி வந்தால்? என்று கேட்டேன்.
ஆடி ஆவணியில் எங்கள் ஊரில்
எதிர்வீட்டையே விசாரித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.
குறித்துக்கொண்டார்:
'பனி – பார்வையாளர் இழப்பு.'

வேண்டுமா என்றொரு கட்டம்
எங்கள் படிவத்தில் கிடையாது.
ஆட்சேபணை என்று ஒன்று உண்டு. அதில்
'போக்குவரத்துக்கு இடையூறு' தவிர
வேறெதுவும் எழுதிப் பழக்கமில்லை எனக்கு.
முத்தோரைச் சரிவில் வானத்தைக் கேட்டபடி
சாய்ந்து கிடக்கிறதே ஒரு பெரிய கருவி,
அதன் காதில் பற்பொடி எதற்கு என்று எழுதினேன்.
அடித்தேன்.

மாசிக் கடைசியில்
என் பதிலுக்குக் காத்திராமல் ஏற்றிவிட்டார்கள்.

விடியற்காலை ஐந்தே கால்.
பெள்ளியின் கேரட் தோட்டத்து வேலியோரம் நின்றிருந்தேன்.
உள்ளே, நெற்றியில் டார்ச் கட்டிய முப்பது பேர்.
ஆறு மணிக்குள் லாரி
மேட்டுப்பாளையம் இறங்கியாக வேண்டும்.
எதிர்ச்சரிவிலிருந்து பார்ப்பவனுக்கு
அவர்களும் இன்னும் எழுத்தாகாத புள்ளிகள்.

வந்தது.
வெ. ண். ப.
'ல' மட்டும் மொட்டையாக.
கடைசிப் புள்ளி ஏவும்போதே செத்துவிட்டதாம்.
"வெண்பல... பல என்ன?" என்றாள் ஞானசோதி.

எழுத்து நகர்ந்த நகர்வில்
ஒரு நொடி
விடிவெள்ளி அதன் தலையில் சரியாக உட்கார்ந்தது.
கூலி கேட்காமல் பிழை திருத்திவிட்டு
விலகிக்கொண்டது.

முப்பது டார்ச்சும் நிமிர்ந்தபடி.
மேஸ்திரி கத்தவில்லை, அவனும் பார்த்தான்.
அழகாகத்தான் இருந்தது.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

"அந்த வெளக்கக் கொஞ்சம் கிட்ட எறக்கச் சொல்லுங்க சார்,
பேட்டரியாவது மிச்சமாகும்."
ஞானசோதி குனிந்தாள்.
ஒவ்வொன்றாக எல்லா ஒளியும்
மண்ணுக்குத் திரும்பின.

கோப்பு இன்னும் என் மேசையில் இருக்கிறது.
ஆட்சேபணைக் கட்டத்தில்
எழுதி அழித்து எழுதி அழித்து
தாள் மெலிந்து ஓட்டை விழுந்துவிட்டது.
ஜன்னலுக்கு நேரே பிடித்தால்
அதில் ஒரு புள்ளி வெளிச்சம்.