அடைப்பான்

விவாகரத்துத் தாளில்
வீடு எனக்கு, ஏழு தேனீப் பெட்டிகள் ஐவாருக்கு,
குளிர்பதனப் பெட்டிக்குக்கூட ஒரு வரி இருந்தது.
வேறேதும் உண்டா என்று வக்கீல் கேட்டபோது
இருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம்,
இல்லை என்றோம்.
படகு அப்போது தண்ணீரில் இருந்தது.

அக்டோபர் கடைசி ஞாயிறு.
ஹாப்சாலு விரிகுடாவின் ஓரத்து நாணலுக்குள்
முதல் பனிக்கட்டி, விரலால் உடைக்கிற அளவுக்கு.
டிரெய்லரோடு வாசலில் நிற்கிறான்.
"வேறே எங்கே வைப்பது?" என்கிறான்.
வணக்கம் இல்லை, சௌக்கியமா இல்லை.
அவன் இப்போது இருப்பது மூன்றாம் மாடி.

கராஜின் நீளம் எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.
இருந்தும் டேப்பின் ஒரு முனையை நீட்டுகிறான்,
பதினெட்டு வருடப் பழக்கம்,
நானும் பிடித்துக்கொள்கிறேன்.
சுக்கானைக் கழற்றினால்
பதினொரு சென்டிமீட்டர் மிச்சம்.
கார் வெளியே கிடக்க வேண்டியதுதான்.
ஐந்து மாதம் அதன் கண்ணாடியைச் சுரண்டப்போவது யார் என்று
அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

பாய்மரத்தின் ஒரு முனை டயர்களின் மேல்,
மறுமுனை உருளைக்கிழங்குப் பெட்டியின் மேல்.
கம்பிகளைக் கட்டக் கயிறு போதாமல்
என் பழைய காலுறை ஒன்று.
மூக்கைத் தூக்கி வை, என்றேன்.
பின்பக்கத் துளையிலிருந்து அடைப்பானை உருவினான்.
அரை வாளி கோடை வடிந்தது.
செத்த வண்டு, பாசி,
பெண் தொலைத்துவிட்டு அழுத ஹேர்பின்.

பாய்க்கு மட்டும் கராஜ் ஆகாது, எலி கடிக்கும்.
உப்புப் போக அலசிக் காயவைத்தே கொண்டுவந்திருந்தான்,
விரித்து மடிக்கத்தான் அவன் அறையில் இடமில்லை.
என் கூடத்தில் எதிரெதிரே மண்டியிட்டு
சுருக்கம் விழாமல் உருட்டினோம்.
மார்ச்சில் பாயைச் சுருட்டிக்கொண்டு போனவன்
பாயைச் சுருட்டி
என் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறான்.

"கார் வெளியே நிற்கிறதே,
உள்ளே யார் படுத்திருக்கிறார்கள்?"
எதிர்வீட்டு எண்டெலுக்குப் பனி அள்ளும் நேரத்தில்தான்
நகைச்சுவை வரும்.

டிசம்பரில் ஒரு நாள், மைனஸ் பத்தொன்பது,
உருளைக்கிழங்கு எடுக்கப் போனவள்
தார்ப்பாயைத் தூக்கி உள்ளே ஏறி உட்கார்ந்தேன்.
ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.
பல்செட்டைக் கழற்றியவர் முகம் போல இருந்தது படகு,
மரமும் கயிறும் இல்லாமல்.
வழக்கப்படி இடப்பக்கம்தான் உட்கார்ந்தேன்.
வலப்பக்கம் ஆள் இல்லையே, சாய்ந்துவிடுமே என்று
சிமென்ட் தரையின் மேல்,
சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த டிரெய்லரின் மேல்,
உடம்பு தானாக நடுவுக்கு நகர்ந்தது.

அடைப்பான் அன்றைக்கே என் கோட்டுப் பைக்குள் வந்துவிட்டது.
அவன் கொடுத்தானா, நான் எடுத்தேனா,
யோசித்தும் பிடிபடவில்லை.
முட்கரண்டிகளோடு கிடக்கிறது, கறுப்பு ரப்பர், கட்டைவிரல் அளவு.
சாப்பிட உட்காரும்போதெல்லாம் விரலில் இடறும்.

பிப்ரவரியில் ஃபோன்.
"அடைப்பான் உன்னிடமா?"
தேடிப் பார்க்கிறேன் என்றேன், இழுப்பறையைத் திறந்தபடி.
"இல்லாவிட்டால் போகட்டும், புதுசு நான்கு யூரோதான்."
புதுசு பொருந்தாது, என்றேன்,
கொஞ்சம் வேகமாக.
ஜன்னலுக்கு அப்பால் விரிகுடா முழுக்க வெள்ளை.
யாரோ துளை போட்டு, முக்காலியில் குந்தி,
தூண்டிலை ஆட்டாமல் பிடித்திருந்தார்.

நேரம் கழித்துக் கேட்டான்:
"குளிர் எப்படி இருக்கிறது அங்கே?"
அவன் வீடு இங்கிருந்து நாலு தெரு.
படகுக்கு ஒன்றும் இல்லை, என்றேன்.
கார்தான்
மூன்று நாளாகக் கிளம்பமாட்டேன் என்கிறது.