நாற்பது நொடி

கிளாக்ஸ்விக் துறை. வாங்கி ஒன்பது நாளான கைக்கடிகாரம்
தினம் நாற்பது நொடி முந்துகிறது.
படகுக் குறிப்பேட்டின் ஓரத்தில்
ஹொக்னி பென்சிலால் எழுதுகிறான்:
முகம் மேலாக வைத்த இரவு, நாற்பத்தொன்று.
குமிழ் கீழாகச் சாய்த்த இரவு, முப்பத்தெட்டு.
கையில் கட்டியே தூங்கிய இரவு
மர்யுன் முகத்தில் கீறல்; கணக்கு விட்டுப்போயிற்று.

"கடையிலேயே திருப்பிக் கொடு."
கடை கோபன்ஹேகனில்.

இன்று மூடுபனி. சுக்கானறையில்
திசைகாட்டிக்குப் பின்னால் இருந்த காப்பிக்குக் கை நீட்டினான்.
முள் வடக்கை விட்டு
மெல்ல அவன் மணிக்கட்டைப் பார்த்தது.

காந்தம்!
தலைமாட்டு ஒலிபெருக்கிமேல்தான்
தினமும் கழற்றி வைக்கிறான்.

சிரித்தான்.
பிறகு குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டினான்:
எந்த வடக்கை நம்பி வலை விரித்தோம்
இந்த ஒன்பது நாளும்?
மீன் என்னவோ
கிடைத்துக்கொண்டுதான் இருந்தது.