மஞ்சள் மூடிக் குழாய்

செவ்வாய்க்கிழமை கிளினிக்.
ஒன்பது மணியாகியும் டிக்கோயாவில்
பனி ஜன்னலை விட்டபாடில்லை.
தங்கேஸ்வரன் சட்டைக் கையை மடித்து நீட்டுகிறார்.
நரம்பு தேட வேண்டியதில்லை.
இருபது வருடம் வாட்டுமாடிக்குக் கொழுந்துச் சாக்கு ஏற்றிய கை,
முழங்கை மடிப்பில் கயிறாய் எழுந்து நிற்கிறது.

"பாத்து எடுங்க மிஸ்.
இதுக்கே இன்னைக்கி ஒரு பேரு போச்சு."

ஐந்து மில்லி. மஞ்சள் மூடி.
செக்ரோலில் இன்று விழாத பெயரை
லேபிளில் நான் எழுதுகிறேன்.

குடிக்கிற ஆள் இல்லை.
லயத்தில் மட்டும் எல்லோருக்கும் அது கசிப்புதான்:
ஈரல் என்றாலே போத்தல்.
கோயில் மண்டபத்து இரத்ததான முகாமில்
கொடுக்கப் போனவரைத் திருப்பி அனுப்பினார்கள்,
அன்றுதான் தெரிந்தது ஹெபடைட்டிஸ் பி.
எத்தனை வருடமாய் உள்ளே இருந்ததோ,
வாடகை கொடுக்காத குடித்தனம்.

"இதுல என்னத்த தேடுறீங்க?"

ஒரு புரதம், என்றேன்.
அம்மா வயிற்றில் கிடந்தபோது
உங்கள் ஈரல் செய்துகொண்டிருந்தது.
பிறந்த பிறகு கைவிட்டுவிட்டது.
வளர்ந்த ஈரலின் ஏதோ ஒரு மூலை
விட்ட வேலையைத் திரும்ப எடுத்தால்
இரத்தத்தில் தெரியவரும்.
சில நேரம்.

"அப்ப புள்ளத்தாச்சிக்கும் கூடுமா?"

கூடும்.

வரிசையில் இருந்த பெண்கள் சிரிக்க
அவரும் சிரித்தார், வயிற்றைத் தடவிக்கொண்டு.

குழாய் சுழன்று நிற்கும்.
சிவப்பு கீழே தங்கும்,
மேலே வெளிறிய சாயத்தண்ணி நிறத்தில் சீரம்.
பதினொரு மணி வேனில் ஐஸ் பெட்டி ஏறும்;
கினிகத்தேனை வளைவுகளில் குலுங்கிக் கண்டிக்குப் போகும்.

எடைக்காரன் கிலோவில் நிறுக்கிற மலையில்
நான் நானோகிராமுக்குக் காத்திருக்கிறேன்.

பதின்மூன்று வந்தது.
இருபதைத் தாண்டினால்தான் சிவப்பு எழுத்து.
பதின்மூன்று கறுப்பிலேயே அச்சாகி
மற்றக் காகிதங்களோடு கோப்புக்குள் போகத் தயாராயிருந்தது.
மாசியில் நாலு.
ஆவணியில் ஏழு.
அந்த இரண்டு துண்டையும் எறியாமல் வைத்திருந்தேன்.
பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்:
ஒவ்வொன்றும் தனியே நல்ல பிள்ளை,
மூன்றும் சேர்ந்தால் ஒரு படிக்கட்டு.
டொக்டரின் கதவைத் தட்டினேன்.

தட்டாத கதவு ஒன்றும் இருக்கிறது.
சிவபாக்கியத்துக்கு ஒன்றரை வருடம்
நாலிலேயே நின்றது எண்.
ஸ்கேனுக்குத் தேதி இருந்தது, பஸ் இல்லை.
எண் நல்லதுதானே என்றேன் நானும்.
கட்டி ஆறு சென்டிமீட்டரில் தன்னைத் தானே சொல்லிக்கொண்டது.
இந்தப் புரதம் பொய் சொல்லாது,
வாயைத் திறக்காமலும் இருந்துவிடும்.

கொழும்பில் ஒரு கூட்டத்தில் கேட்டேன்,
கட்டி உதிர்க்கும் டிஎன்ஏ துணுக்குகளை
ஒரே குழாயில் பொறுக்கி வாசிக்கலாமாம்,
மாவாய்க் கிழித்த கடிதத்தை ஒட்டுவதைப் போல.
என்ன விலை என்று கேட்டேன்.
முதலில் ஆராய்ச்சி முடியட்டும் என்றார்கள்.
பின்னால் யாரோ இருமினார்கள்.
பகல் சாப்பாடு வந்துவிட்டது.

இன்று ஸ்கேன் முடிந்து
தங்கேஸ்வரன் என் ஜன்னலுக்கு வந்தார்.
ஒன்று புள்ளி ஏழு.
புற்று என்று ஸ்கேன் சொல்லவில்லை,
கண்டிக்குப் போ என்றது.

"எம்மாம் பெருசு மிஸ்?"

தேயிலைக் கொட்டை அளவு.

கொஞ்ச நேரம் விரல்களுக்கு நடுவே
இல்லாத கொட்டை ஒன்றை உருட்டிப் பார்த்தார்.

"இன்னும் கரட்டெலை ஆகல்லதானே?"

எனக்குப் பதில் சொல்லும் அதிகாரம் இல்லை.
ஆகல்ல, என்றேன்.

"அப்ப தொரைக்கி ஒரு துண்டு எழுதித் தாங்க.
மூணு நாளு.
பேரு வெட்டாம இருக்க."

டொக்டர் கையெழுத்து வைக்கட்டும்,
எழுதுவதை நான் எழுதுகிறேன்.
தங்கேஸ்வரன், தொழிற்சாலைப் பிரிவு, வயது நாற்பத்துநாலு.
பாதியில் மை நின்றுவிட்டது.
பேனாவை உதறினேன்.
வேன்காரன் வெளியே ஹோர்ன் அடித்தான்,
இன்றைய பெட்டிக்கு.