ஏழாம் குழியில் ஒரு கோடு

வால்திவியாவில் இந்த மழை
என்று தொடங்கியதென்று யாருக்கும் நினைவில்லை.
மீன் சந்தைக்குப் பின்னால்
கடல்சிங்கங்கள் நனைந்துகொண்டே சண்டையிடும்.
மூன்றாம் மாடியில் நானும் நிபால்தோவும்
ஒரு சொட்டுக்குக் காவல்.

சொட்டு என்பதும் அதிகம்.
சொட்டில் பாதி. அதற்குள்
சிலோயே தீவுக் கறுப்புக் கிழங்கொன்றின்
இலையிலிருந்து பிரித்தெடுத்த இழை.
கிழங்கை அனுப்பியவள் எடெல்மிரா மான்சியா.
செய்தித்தாளில் சுற்றி, மேலே பென்சிலால்:
"கருகல் வந்த வருஷம்
வயலில் நின்றது இது ஒன்றுதான்."

மூடியைச் சாத்துகிறேன்.
தொண்ணூற்று நான்கு பாகை:
பின்னிக் கிடந்த இரண்டும் பிரிகின்றன.
ஐம்பத்தைந்து:
பிரைமர்கள் வந்து அமர்கின்றன,
படம் தொடங்கிய பிறகு உள்ளே வந்து
இருட்டில் இருக்கை எண்ணைத்
தடவிக் கண்டுபிடிப்பவர் போல.
எழுபத்திரண்டு:
வெந்நீர் ஊற்றில் வாழப் பழகிய உயிர் ஒன்றிடம்
கடன் வாங்கிய நொதி
எழுத்துக்கு எதிரெழுத்தாய்க் கோத்துக்கொண்டே போகிறது.
ஒன்று இரண்டு,
இரண்டு நான்கு,
நான்கு எட்டு என்று எண்ணிக்கொண்டே
காப்பி போடப் போனேன்.
முப்பதாம் சுற்றில் கணக்குப்படி நூறு கோடி.
நூறு கோடி இருந்தும்
குழாயில் பார்த்தால் தண்ணீர்தான்.

கூழ்மத் தட்டில் மின்சாரம் ஓடியது.
நீல வெளிச்சத்தில்
ஆறு குழிகளிலிருந்தும் ஆறு கோடுகள்.
ஏழில் வெறும் தண்ணீர் விட்டிருந்தேன்.
அதற்கு ஒரே வேலை:
வெறுமையாக இருப்பது.

ஏழிலும் கோடு.

"உன் தண்ணீரிலேயே கிழங்கு விளைகிறது" என்றான் நிபால்தோ.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
இயந்திரம் பொய் சொல்லவில்லை;
அழைத்தவருக்கும் அழையாதவருக்கும்
ஒரே பந்தி அதற்கு.
நேற்றைய குழாயைத் திறந்த அதே பிப்பெட்டால்
இன்றைய தண்ணீரைத் தொட்டது நான்.
கண்ணுக்குத் தெரியாத என் அவசரத்தை
நூறு கோடி படி எடுத்து
முகத்துக்கு நேரே நீட்டியது.

எல்லாவற்றையும் கொட்டினோம்.
புதுத் தண்ணீர், புது முனைகள், புதுக் கையுறை,
மேசைக்கு ப்ளீச்.
இரண்டு நாள் கழித்து
ஏழாம் குழி இருட்டாக இருந்தது.
அவ்வளவு அழகான இருட்டை நான் பார்த்ததில்லை.

மற்றது வேகமாக நடந்தது, அல்லது
எனக்கு அப்படித் தோன்றியது.
பிளாஸ்மிட் வளையத்தை வெட்டித்
தையலிட்டு அதை உள்ளே வைத்தோம்.
பனிக்கட்டியில் நடுங்கிய பாக்டீரியாவை
நாற்பத்திரண்டு பாகையில் முக்கினேன்,
நாற்பத்தைந்து நொடி.
சாகாத சூடு, திறக்கும் அளவு திடுக்கிடல்.
மறுபடி பனி.
மருந்து கலந்த தட்டில்
வளையத்தை வாங்கியவை மட்டும் பிழைத்தன:
கோடிக்கணக்கில் முப்பத்தொன்று.
அவற்றிடமிருந்து இன்னொன்றுக்கு.
அது மரத்தில் கழலை வளர்க்கும் கிருமி.
கழலை எழுத்துகளை உருவிவிட்டு
இதை வைத்தோம்.
வழிப்பறிக்காரன் கையில்
தபால்பை கொடுப்பது போன்ற வேலை.

சந்தையில் விற்கும் மஞ்சள் கிழங்கின்
இலைத் துண்டுகளை அதில் நனைத்தோம்.
ஐந்தாம் வாரம்
ஒரு விளிம்பில் பச்சை.
நான்கு மில்லிமீட்டர்.
கருகலைத் தாங்குமா என்று தெரிய
இன்னும் எத்தனை மாதமோ.

எடெல்மிராவை அழைத்தேன்.
"உங்கள் கிழங்கின் ஒரு சொல்
வேறொன்றுக்குள் போயிருக்கிறது" என்றேன்.
வேறெப்படிச் சொல்வது?
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு கேட்டாள்:
"புதிதாக வந்ததற்கு என்ன பெயர்?"
"எ-பதினேழு."
"என்னுடையதற்குப் பெயர் உண்டு.
நீ கேட்கவே இல்லையே. எழுதிக்கொள்."
சொன்னாள்.
தீவிலும் மழை போலும்;
இரைச்சலில் முதல் அசை மட்டும் வந்தது,
பிறகு தொடர்பு அறுந்தது.

குப்பியின் மேல் சீட்டில்
இடம் விட்டிருக்கிறேன்.
இது வெறுமையாக இருக்கக் கூடாத இடம்.
வியாழக்கிழமை திரும்ப அழைக்க வேண்டும்,
மழை விட்டால்.