மூன்று கிலோ

பையின் ஸிப்பைத் திறந்த செக்யூரிட்டி
"மே மொகத்த?" என்றான்.
குண்டு, என்றேன்.
சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.
இந்த நகரத்தில், பள்ளிக்கூட வாசலில்,
என் அடையாள அட்டையை அவன் கையில் கொடுத்துவிட்டு
சொல்லக்கூடிய சொல்லா அது?

மகள் எறிவது, விளையாட்டு, என்று
அவன் மொழிக்கு மாறித் திருத்தினேன்.
"ஆ, யகுலிய!"
முகம் அவிழ்ந்தது.
அவனுக்கு அது வெறும் இரும்புருண்டை.
வெடிப்பதெல்லாம் தமிழில்தான்.
எடுத்துத் தாடைக்கடியில் ஒரு கணம் வைத்துப் பார்த்தான்.
மொனராகலையில் படிக்கும்போது
பதினொரு மீற்றர் போட்டவனாம்.
ஒஃபிஸ் இரண்டு மணிக்கு மூடும், ஓடுங்கள், என்றான்.

யாதவியின் பள்ளிக்கூடம் நாலு மாடி.
லிஃப்ட் உண்டு. ரோபோ பூட்டும் அறை உண்டு.
மொட்டைமாடியில் விரித்த பச்சைக் கம்பளத்துக்கு
மைதானம் என்று பெயர்.
அங்கே இதைப் போட்டால்
கூரையைப் பிய்த்துக்கொண்டு
நாலாம் வகுப்பின் பிரெஞ்சுப் பாடத்தில் இறங்கும்.

மதிலுக்கு இந்தப் பக்கம்
சீமெந்து வட்டமொன்று சும்மா கிடக்கிறது.
நடுவில் யாரோ டீச்சரின் ஸ்கூட்டி.

இதே ஒஃபிஸுக்கு
அவளின் ஐந்து வயதில் வந்திருக்கிறேன்.
வாடகை வீடு. உறுதி இல்லை.
மின்சார பில் வீட்டுக்காரர் பெயரில்.
மேசையில் வரைபடம் விரித்து
கவராயத்தால் ஒரு வட்டம் போட்டார்கள்.
எங்கள் ஒழுங்கை
அதற்கு வெளியே, நகக்கண் அளவு.

அந்த நகக்கண்ணுக்குத்தான்
பத்து வருடமாய்த் தவணைப் பணம் கட்டுகிறேன்,
கீசர் வீதியில் நாள் முழுக்க
மற்றவர்களின் சாரித்துணியை அளந்து வெட்டி.
ஊரார் கண்ணுக்கு
இன்டர்நேஷனலில் பிள்ளையை விட்ட பெரிய மனிதர்.

அதிபர் நல்ல மனுசி.
கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார்.
போட்டிக்கு இல்லை மிஸ்,
பழகுவதற்கு, பின்னேரம் ஒரு மணித்தியாலம்.
சுற்றறிக்கையில் இடமில்லையே, என்றார்.
வலயத்துக்கு எழுதச் சொன்னார்.
வலயம் மாகாணத்துக்கு எழுதுமாம்.
மாகாணம் யாருக்கு என்று அவர் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

விறாந்தையில் ஒரு பெண் காத்திருந்தா.
நிலுஜாவின் தாய்.
நிலுஜா யாரென்று எனக்குத் தெரியும்.
போன கிழமை மதில் ஓட்டையால் பார்த்தேன்:
வெறுங்காலோடு சுழன்று
எட்டரை மீற்றர்.
தகப்பன் புறக்கோட்டையில் நாட்டாமி.
என் கடைக்கும் மூட்டை இறக்கியிருப்பார்.

"உங்கட பிள்ளைக்கு ஏசி இருக்கு, இங்கிலீசு இருக்கு.
எங்கட பிள்ளைக்கு இருக்கிறது இந்த வட்டம் ஒண்டுதான்.
அதுக்கும் வரிசையில நிக்கிறீங்களோ?"

தவணைச் சீட்டு சட்டைப்பையில்தான் இருந்தது.
எடுத்துக் காட்டியிருக்கலாம்.
காட்டவில்லை.
அவ சொன்னதில் எந்தச் சொல்லைப் பொய் என்பது?

வெள்ளவத்தைக் கடற்கரை.
முதல் ரயிலுக்கு இன்னும் நேரமிருக்கிறது.
தண்டவாளத்துக்கு முதுகு காட்டி நின்று
அவள் போடுகிறாள்.
விழுந்த இடத்தில் மணல் அதை விழுங்கிவிடும்.
நான் முழங்காலில் இருந்து கிண்டி எடுத்துக்
கடையிலிருந்து கொண்டுவந்த நாடாவால் அளக்கிறேன்.
பத்து யாருக்கு ஒரு சாண் குறைய.
எந்தக் கொப்பியிலும் ஏறாத தூரம்.

குதிக்காலால் மணலில் கோடு கிழித்தபடி கேட்கிறாள்:
அங்கே இருக்கிற வட்டம் எவ்வளவு அகலம், அப்பா?

யோசித்துப் பார்த்தேன்.
ஒரு ஸ்கூட்டி
தாராளமாய் நிற்கும், என்றேன்.